பிள்ளை பெற்றவள் தட்டில் என்ன இருக்க வேண்டும்? பத்தியச் சாப்பாட்டின் சத்துக் கணக்கு

வைகைக்கரை

அடுத்த மாதம் என் மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்க்கிறோம். சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தால் என் சொந்த அனுபவம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

27 வருடம் முன்பு எனக்கு நடந்த பத்தியம் இதுதான்: காலையில் இட்லி, பூண்டுப் பொடி. மதியம் குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். இரவு மறுபடி இட்லி. கீரை கேட்டால் "பிள்ளைக்குப் பச்சையாப் போகும்" என்பார்கள். தண்ணீர் கேட்டால் அரை டம்ளர் வெந்நீர், அதற்கு மேல் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். இரண்டாவது வாரமே மலச்சிக்கல். தையல் போட்ட இடத்தில் பட்ட வலியை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் பதினாறாம் நாள் என் மாமியார் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அதற்குப் பிறகுதான் எனக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்தது. அதே அடுப்பிலிருந்துதான் என்னை வாட்டியதும் வந்தது, என்னை எழுப்பி உட்கார வைத்ததும் வந்தது.

மகள் "காரணம் சொல்லும்மா, எதை வேணும்னாலும் சாப்பிடுறேன்" என்கிறாள். எந்தப் பொருளில் நிஜமாகச் சத்து இருக்கிறது, எது வெறும் பயம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குத் தோட்டம்

எங்கள் பக்கம் செலவு ரசம்தான் முதல். மளிகைக் கடையில் "செலவு சாமான்" என்று கேட்டால் சுக்கு, திப்பிலி, மிளகு, சீரகம், சித்தரத்தை, ஓமம் எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். நாட்டுக்கோழி அடித்து அதில் செலவு அரைத்துப் போட்டு வைப்பார்கள். எனக்கு இரண்டு பிரசவத்துக்கும் அதுதான். வாய் கசந்து கிடந்தபோது அந்த ரசம்தான் சோற்றை உள்ளே இறக்கியது. சத்துக் கணக்கு எனக்குத் தெரியாது, பசி எடுக்க வைத்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உணவியல்காரி

வைகைக்கரை அக்கா, நான் உணவியல் படித்து 14 வருடமாக மகப்பேறு வார்டுகளில் வேலை செய்கிறேன். உங்கள் உளுந்தங்களியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும், அடுத்த ஆறு மாதம் 520 என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. புரதம் கூடுதலாக ஏறக்குறைய 17 கிராம். குழந்தை ஒரு நாளைக்குக் குடிக்கும் பால் முக்கால் லிட்டருக்கு மேலே போகும் என்பதால் இந்தத் தேவை.

இப்போது ஒரு கிண்ணம் களியைப் பாருங்கள். கருப்பு உளுந்து மாவு 60 கிராம், கருப்பட்டி 40 கிராம், நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. உளுந்திலிருந்து 200, கருப்பட்டியிலிருந்து 150, எண்ணெயிலிருந்து 225, மொத்தம் 575 கிலோகலோரி. புரதம் 14 கிராம் வரை. பரிந்துரைப் புத்தகம் கேட்கும் கூடுதல் தேவையை ஒரே கிண்ணத்தில் ஏறக்குறைய நிறைவு செய்துவிட்டார் உங்கள் மாமியார். அவர் எந்த அட்டவணையும் பார்த்திருக்க மாட்டார்.

மறுபக்கம், இட்லியும் ரசச் சோறும் சுட்ட அப்பளமும் என்று போன முதல் பதினைந்து நாள்? பெரும்பாலும் மாவுச்சத்து. இட்லியில் கொஞ்சம் உளுந்து இருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. பிரசவத்தில் ரத்தம் போன உடம்புக்கு அது போதவே போதாது.

நெல்லைச் சீமை

நான் இந்த இழையில் மூத்தவளாக இருப்பேன் என்று நினைக்கிறேன், 71 வயது. ஒன்று சொல்லட்டுமா அம்மா? பத்தியம் என்பது ஒரே சாப்பாடு இல்லை. அது படிப்படியாக ஏறுவது.

எங்கள் அம்மா காலத்தில் முதல் மூன்று நாள்தான் ரசச் சோறு. குழந்தை பிறந்ததும் காயம் கொடுப்பார்கள். காயம் என்றால் புண் இல்லை; சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி எல்லாம் சேர்த்து நல்லெண்ணெயில் கிண்டிய மருந்து. ஐந்தாம் நாள் பூண்டுக் குழம்பு. ஏழாம் நாளிலிருந்து பால் சுறா புட்டு, கத்தரிப் பிஞ்சு, முருங்கைக்காய். பதினோராம் நாளுக்கு மேல் உளுந்தங்களி, கருவாடு, கீரை. நாற்பதாம் நாள் எல்லாம் சகஜம். இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், முதல் மூன்று நாள் சாப்பாட்டை நாற்பது நாளுக்கும் இழுக்கிறார்கள். மேல்படிகளைச் சமைக்க வீட்டில் ஆள் இல்லை, நேரமும் இல்லை. கடைசியில் "கூடாது" என்ற சொல் மட்டும் மிஞ்சிவிட்டது.

அதனால் பத்தியத்தையே குறை சொல்லாதீர்கள்.

உணவியல்காரி

அம்மா, நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வார்டில் நான் பார்ப்பதும் இதையேதான். பிரசவ லேகியம் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது, தடைகளை மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் வாயால் சொல்லிவிடுகிறார்கள். களியும் புட்டும் கீரையும் யாராவது அடுப்பில் நின்றால்தான் வரும்.

லேகியம் பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வார்த்தை. நெல்லிக்காய் அளவு உருண்டையில் சுக்கு, திப்பிலியிலிருந்து சத்து என்று பெரிதாக எதுவும் வராது. செரிமானத்துக்கும் பசிக்கும் உதவும், கூடவே நெய்யும் கருப்பட்டியும் கொஞ்சம் உள்ளே போகும். அந்த அளவில் நல்லதுதான். அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாக நினைத்துவிடக் கூடாது. வாங்குவதானால் என்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிட்ட, உரிமம் பெற்ற தயாரிப்பை வாங்குங்கள். உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் கலந்த எதையும் மருத்துவர் சொல்லாமல் பால் கொடுக்கும் தாய் எடுக்க வேண்டாம்.

கிராமச் செவிலி

நான் தென்மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். பிரசவமான வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருக்கிறதா என்றுதான். பாதி வீடுகளில் இருக்காது.

தண்ணீர் குடித்தால் வயிறு தொங்காது. விரிந்த கர்ப்பப்பை தானாகச் சுருங்க ஆறு வாரம் ஆகும், குழந்தை பால் உறிஞ்சும்போது அது வேகமாகவே சுருங்கும். வயிற்றுத் தசை இறுகுவது தனிக் கதை, அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் தெரியுமா? மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தம் உறையும் தன்மை உடம்பில் அதிகம். அந்த நேரத்தில் உடம்பு வறண்டால் மூளையின் சிரைகளில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் கூடும். பிள்ளை பெற்றவளுக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வந்தால் காற்று, கருப்பு என்று மந்திரிக்கப் போகாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்றால் குடிக்கட்டும், சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர் எதுவானாலும் சரி. அளவு மட்டும் குறையக் கூடாது. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு டம்ளர் கையில் கொடுங்கள்.

அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் கொடுக்கிறோம். பிரசவமான அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். "கருப்பட்டியும் கீரையும் சாப்பிடுறாளே, மாத்திரை சூடு" என்கிறார்கள். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம், அறுவை சிகிச்சை என்றால் ஒரு லிட்டர் வரைகூட. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. அரை லிட்டர் என்றால் 250 மில்லிகிராம் போய்விட்டது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஏற்றுக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே குறைந்திருந்ததில் இன்னும் 250 போனால் எப்படி எழுந்து நடப்பாள்? கருப்பட்டியும் சாப்பிடட்டும், மாத்திரையும் போடட்டும்.

வைகைக்கரை

செவிலி அம்மா, சொம்பு விஷயம் என்னை அழ வைத்துவிட்டது. நான் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்க் குடித்திருக்கிறேன். நன்றி.

ஒரு சந்தேகம். பத்தியத்தில் புளிப்பே கூடாது என்பார்கள். எலுமிச்சை, தக்காளி, பழம் எதுவும் கிடையாது. அது சரியா?

உணவியல்காரி

அந்தத் தடைதான் இரும்புக்கு நேர் எதிரி அக்கா. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 115 மில்லிகிராம் வைட்டமின் சி பரிந்துரை. ஒரு கொய்யாப்பழம் அதைத் தாராளமாகத் தந்துவிடும், ஒரு நெல்லிக்காய் போதும் என்றுகூடச் சொல்லலாம். புளிக்குழம்பு முதல் வாரம் நெஞ்சைக் கரிக்கிறது என்றால் தள்ளி வையுங்கள். ஆனால் முருங்கைக்கீரைப் பொரியலில் நாலு சொட்டு எலுமிச்சை விடுவதை யாரும் தடுக்க வேண்டாம். தாய் சாப்பிட்ட எலுமிச்சை பாலைப் புளிக்க வைக்காது, குழந்தைக்குச் சளியும் பிடிக்காது. காப்பி, டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள், அவை இரும்பைத் தடுக்கும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வேறு வேறு வேளைக்குப் போடுங்கள்.

வடமராட்சிக்காரி

நான் யாழ்ப்பாணப் பக்கம், இப்ப கனடாவில். எங்கட அம்மா எனக்குச் செய்தது சரக்குக் கறி. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி இவற்றை அம்மியில் பட்டுப்போல அரைச்சு, மீனும் முருங்கைக்காயும் போட்டு வைக்கிற குழம்பு. கொச்சிக்காய்த்தூள் போடுறதில்லை. வேர்க்கொம்பு என்று நாங்கள் சொல்லுறதுதான் உங்கட சுக்கு, உள்ளி உங்கட பூண்டு, கொச்சிக்காய் உங்கட மிளகாய்.

அம்மாவுக்குக் கறியில் மீன் எத்தனை துண்டு என்பதுதான் கவலை. "சரக்கு சும்மா வாசத்துக்கு, மீனைத் தின் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லித் தீத்துவா. இங்க பிறந்த பிள்ளைகள் சிலர் சரக்குத்தூளைச் சுடுதண்ணியில் கலந்து குடிச்சிட்டுப் பத்தியம் முடிஞ்சுது என்று நினைக்கினம். அது எனக்குச் சரியான கவலை.

உணவியல்காரி

உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரியை எல்லா வார்டிலும் எழுதி ஒட்டலாம்.

தாய் சாப்பிடாவிட்டால் பாலில் சத்து குறையுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. சில சத்துகள் குறையாது, சில குறையும். கால்சியத்தைப் பாருங்கள்: தாய் சாப்பிடாவிட்டாலும் அவள் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குப் போய்விடும். இரும்பின் அளவும் பெரிதாக மாறாது. அங்கே நஷ்டம் தாய்க்கு. ஆனால் பி1, பி12, வைட்டமின் ஏ, அயோடின் இவையெல்லாம் தாயின் தட்டில் குறைந்தால் பாலிலும் குறையும். அங்கே நஷ்டம் குழந்தைக்கும்.

பி1, அதாவது தயமின், நம் ஊர்க் கதையோடு சேர்ந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வகமாகத்தான் தொடங்கியது, தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய. ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி இருந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவாக இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. வெள்ளைப் பச்சரிசிச் சோறும் வெறும் ரசமும் என்று மாதக்கணக்கில் கிடக்கும் தாயின் குழந்தைக்கு தயமின் குறைந்து இதயமே பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் இந்தியாவில் இன்றும் மருத்துவர்களால் பதிவாகின்றன. பத்தியத்துக்குப் புழுங்கலரிசி, முடிந்தால் தீட்டாத சிவப்பரிசி. கஞ்சியை வடிக்காமல் பொங்குங்கள். கூடவே உளுந்தோ பாசிப்பருப்போ கட்டாயம்.

அங்காயப்பொடி

எங்கள் வீடு சைவம். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, மிளகு, சீரகம் சேர்த்து அங்காயப் பொடி, சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து முதல் கவளம். தயிர் குளிர்ச்சி என்று இரண்டு மாதம் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பி12 என்றதும் மனசு திக்கென்றது. எங்களுக்கு அது எதிலிருந்து வரும்?

உணவியல்காரி

பாலும் தயிரும் மட்டும்தான், சகோதரி. அதனால் சைவ வீட்டில் தயிரை நிறுத்துவது மற்ற எல்லாத் தடைகளையும்விடப் பெரிய தடை. பி12 மிகக் குறைந்த தாயின் பாலை மட்டுமே குடித்து, சில மாதத்தில் சோர்ந்து, முகம் பார்த்துச் சிரிப்பது நின்று, கை கால் நடுங்கி வரும் குழந்தைகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். மதியம் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடுங்கள். ரத்தத்தில் அளவு பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் தருவார்.

புனே அப்பா

நான் கொஞ்சம் வேறு கேள்வி கேட்கலாமா? மனைவிக்குப் பிரசவமாகி ஒன்பது நாள். இரண்டு பக்கமும் அம்மா இல்லை. நான்தான் சமைக்கிறேன். இங்கே பால் சுறா கிடைக்கவில்லை. அது இல்லாமல் பால் ஊறாதோ என்று மனைவி கவலைப்படுகிறாள்.

நெல்லைச் சீமை

தம்பி, நீங்கள் அடுப்பில் நிற்கிறீர்களே, அதற்கே உங்கள் மனைவிக்கு உடம்பு தேறும். சுறா இல்லாவிட்டால் போகட்டும். பூண்டை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பாலில் வேகவைத்துக் கருப்பட்டி போட்டுக் கொடுங்கள். முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதீர்கள்.

உணவியல்காரி

புனே அப்பா, பால் ஊறுவதை முதலில் தீர்மானிப்பது குழந்தையின் வாய். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, ராத்திரியும் சேர்த்து, சரியாகப் பிடித்து உறிஞ்சினால் உடம்பு பால் சுரக்கும். பூண்டு, வெந்தயம், சுறா எல்லாவற்றுக்கும் காலங்காலமாகப் பேர் இருக்கிறது, ஆனால் பாலைக் கூட்டும் என்பதற்கான ஆராய்ச்சிச் சான்று திடமாக இல்லை. பூண்டில் ஒரு சுவையான விஷயம் உண்டு: தாய் பூண்டு சாப்பிட்டால் பாலில் அதன் வாசனை வரும், அப்போது குழந்தைகள் மார்பில் அதிக நேரம் இருக்கின்றன என்று 1991ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது.

சுறாவைப் பற்றி நெல்லை அம்மாவிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன், அதனால் அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கிறது. நம் பால் சுறா சின்ன வகை, பெரிய சுறா அளவுக்கு அதில் சேராது. எப்போதாவது ஒரு நாள் புட்டு சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் என்றால் நெத்திலி, சாளை, காரப்பொடிக்கு மாறுங்கள். சின்ன மீன், பாதரசம் குறைவு, முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் வரும்.

நெல்லைச் சீமை

அப்படியா. எனக்கு இது தெரியாது. சாளையைப் புட்டு மாதிரியே உதிர்த்துச் செய்யலாம், முள் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். என் பேத்திக்கு இனி அதையே செய்கிறேன்.

கிராமச் செவிலி

கருவாடு நல்லது, ஆனால் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்த பெண்களுக்கு அந்த உப்பு ஆகாது. மற்றவர்களும் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தரம் அலசிவிட்டுச் சமைக்கணும்.

வைகைக்கரை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பேத்தி பிறந்து 12 நாள். அறுவை சிகிச்சைதான்.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சொன்னபடி நீர் ஆகாரம், அப்புறம் இட்லி, ரசச் சோறு. நாலாம் நாளே பாசிப்பருப்பும் முட்டையும் சேர்த்தேன். "தையல் ஆறாது, சீழ் பிடிக்கும்" என்று சொந்தக்காரர் ஒருவர் முட்டையைத் தட்டிலிருந்து எடுக்கப் போனார். புண் ஆறப் புரதம்தானே வேண்டும் என்று கேட்டேன், கையை எடுத்துக்கொண்டார். மிளகு ரசமும் பூண்டும் தினமும் உண்டு, மகளுக்கே பிடித்திருக்கிறது. முருங்கைக்கீரையில் எலுமிச்சை. மதியம் தயிர். கட்டில் பக்கத்தில் இரண்டு லிட்டர் செம்புக் குடம். அதைப் பார்த்துப் பார்த்து நிரப்புவது என் வேலை.

நேற்று முதல் களி. ஆனால் கட்டி தட்டிவிட்டது. என் மாமியார் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். யாராவது பக்குவம் சொல்லுங்கள்.

நெல்லைச் சீமை

மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டியிருப்பீர்கள். கருப்பு உளுந்தைத் தோலோடு வாசம் வரும்வரை வறுத்து, நாலு பங்கு உளுந்துக்கு ஒரு பங்கு புழுங்கலரிசி சேர்த்துத் திரிக்க வேண்டும். மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, அது சூடாக இருக்கும்போது இந்தக் கரைசலை ஊற்றி, சிறு தீயில் கை விடாமல் கிண்டுங்கள். நடுவில் நடுவில் எண்ணெய் விடுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

உணவியல்காரி

இறக்கும்போது வறுத்த கருப்பு எள்ளை ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள் அக்கா. கால்சியம் எள்ளில்தான் இருக்கிறது, நல்லெண்ணெயில் இல்லை. அந்த ஒரு கரண்டியில் 100 மில்லிகிராமுக்கு மேல் வரும்.

வைகைக்கரை

எள் வீட்டில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் கிண்டிப் பார்த்துச் சொல்கிறேன்.